காசிமேட்டில் ஒரு கணக்குப் பாடம்

இருமொழிப் பள்ளி என்று பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்வது எளிது. எந்த மொழிக்கு என்ன வேலை என்று கால அட்டவணையில் பிரித்துக் கொடுக்கும்போதுதான் அந்தப் பள்ளி உள்ளபடி என்ன நினைக்கிறது என்பது தெரியவரும். வட சென்னையில் உள்ள ஒரு பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு ஆசிரியர்கள் உண்டு. ஒருவர் ஆங்கிலத்தில் நடத்துவார், மற்றவர் தமிழில். சுவரில் ஒட்டியிருக்கும் அட்டைகள்கூட இரு மொழிகளிலும் இருக்கும். ஆயினும் நான் வந்து சேர்ந்த காலத்தில் அறிவியல், கணக்கு, சமூகவியல் மூன்றும் ஆங்கிலத்தின் வசம் இருந்தன. தமிழின் பங்குக்கு வந்தவை பொங்கல் விழா, கும்மி, மாறுவேடப் போட்டி, குறள் ஒப்புவித்தல் ஆகியவையே. விழா நாளில் மாலை போட்டு மேடையேற்றிவிட்டு, மறுநாள் காலையில் வேலைகளையெல்லாம் வேறொருவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு அது.

சட்டப்படி குறை சொல்ல இடமில்லை. 2006-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் தமிழை ஒரு பாடமாகக் கட்டாயமாக்கியது. 2015-16 கல்வியாண்டிலிருந்து மாநில வாரியம் அல்லாத பள்ளிகளுக்கும் அது படிப்படியாக விரிந்தது. பாடமாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஒரு பிள்ளை தமிழில் அளந்து, விசாரித்து, கணக்குப் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி ஒரு முடிவுக்கு வருகிறதா என்பதைச் சட்டம் கேட்காது; பள்ளிதான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பறையின் நான்கு சுவருக்குள் அதற்கு நல்ல பதில் கிடைப்பது கடினம் என்பது என் அனுபவம். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகும்போது, அதிலும் வட சென்னையில் அழைத்துப் போகும்போது, அது தானாகவே நடந்துவிடுகிறது. இங்குள்ள தொழில்களின் அறிவு தமிழில்தான் புழங்குகிறது. அதைக் கேட்டு வாங்க வேறு மொழி உதவாது.

எங்கள் பாடத்திட்டம் 1968-இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் பக்காலரியேட் அமைப்பினுடையது. அதன் தொடக்கநிலையில் பாடங்களைத் தனித்தனியாக வைக்காமல் ஆறு பெருந்தலைப்புகளின்கீழ் நடத்துகிறார்கள். உலகம் எப்படி இயங்குகிறது, நம்மை நாமே எப்படி ஒழுங்கமைத்துக்கொள்கிறோம், பூமியை எப்படிப் பகிர்ந்துகொள்கிறோம் என்பன போன்ற தலைப்புகள் அவை. ஒவ்வொரு தலைப்புக்கும் சில வாரங்கள், ஒரு செயல்திட்டம், பெரும்பாலும் ஒரு வெளிப்பயணம். தொடக்கநிலையின் கடைசி ஆண்டில் பிள்ளைகள் தாங்களே ஒரு பொருளைத் தேர்ந்து, ஆராய்ந்து, பெற்றோர் முன்னிலையில் கண்காட்சியாக வைக்க வேண்டும்.

கண்காட்சி என்றதும் தெர்மாகோலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பள்ளிகளைச் சுற்றியுள்ள ஸ்டேஷனரி கடைகளில் எரிமலை, சூரியக் குடும்பம், மழைநீர்ச் சேகரிப்பு வீடு எல்லாமே ஆயத்தமாகக் கிடைக்கின்றன. பெயரை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். கடையில் வாங்காத வீடுகளில் இரவு பதினொரு மணிக்கு அப்பா ஃபெவிக்காலோடு உட்கார்ந்திருப்பார், பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் அந்தப் பிள்ளை எரிமலையின் அருகில் நின்று நான்கு ஆங்கில வாக்கியங்களை மூச்சுவிடாமல் சொல்லும்; இடையில் ஒரு கேள்வி கேட்டால் மறுபடியும் முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கும். பெற்றோர் கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். இதில் யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை, வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் வீட்டார்தான் செய்வார்கள். ஆகவே, செயல்திட்ட வேலை எதையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்தோம். அழகு குறைந்தது. கோணல்மாணலாக வெட்டிய அட்டைகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கட்டணம் கட்டி இதுதானா என்று ஒரு தந்தை கேட்டதும் உண்டு.

எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. வட சென்னையில் பார்க்க என்ன இருக்கிறது என்று தெற்கே இருக்கும் நண்பர்கள் கேட்பதுண்டு. ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1-ஆம் தேதி ஓடிய வண்டிதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த நிலையத்தின் பெரிய தூண்களைச் சுற்றிக் கயிறு கட்டி அளந்து, வட்டத்தின் சுற்றளவிலிருந்து விட்டத்தைக் கண்டுபிடிப்பது நான்காம் வகுப்புக்கு நல்ல விளையாட்டு. ஆனால் வெளிப்பயணம் என்ற முறையில் எனக்கு அந்த இடம் அவ்வளவாக உவப்பில்லை. பார்க்க நிறைய இருக்கிறது, கேட்க ஆளில்லை. அருங்காட்சியகத்திலும் இதே தொல்லைதான். பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அங்கே எழுதி வைத்திருப்பதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும் இடம், அந்த ஆள் தன் வேலையில் மும்முரமாக இருக்கும் நேரம், இந்த இரண்டும் அமைய வேண்டும்.

அப்படி அமைந்த இடம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஐந்தாம் வகுப்பை அங்கே அழைத்துப் போகலாம் என்று சொன்னபோது எதிர்ப்பு வராமல் இல்லை. எங்கள் பள்ளியில் சௌகார்பேட்டை வியாபாரக் குடும்பங்களின் பிள்ளைகள் கணிசம். மீன் வாடையே வீட்டுக்குள் வரக்கூடாது என்று வாழ்பவர்கள். சில தாய்மார்கள் நேரில் வந்து பேசினார்கள். அவர்கள் சொன்னதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. யாரும் மீனைத் தொட வேண்டாம், விருப்பமில்லாதவர்கள் ஏலக் கூடத்துக்குள்ளும் வர வேண்டாம், படகு, வலை, ஐஸ் இவற்றை மட்டும் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தோம். கடைசியில் அந்தப் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட ஐஸ் பற்றிய வேலையே அந்த ஆண்டின் மிகச் சிறந்த செயல்திட்டமாக அமைந்தது.

இன்னொரு பிள்ளையின் செய்தி வேறு. அவள் வீட்டில் விசைப்படகு இருக்கிறது. அவளையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் உற்சாகமாகச் சொன்னார். அன்று மதியம் அந்தப் பெண் தனியாக என்னிடம் வந்து, “மிஸ், எங்க ஆயா மீன் விக்கிற பக்கம் மட்டும் போகாதீங்க” என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வகுப்பில் உள்ள எந்தப் பிள்ளையின் குடும்பத்தையும் காட்சிப்பொருளாக்குவதில்லை என்பது அன்றிலிருந்து எங்கள் விதி. அவளும் மற்றவர்களைப் போலவே நோட்டும் பென்சிலுமாக வந்து, தனக்குத் தெரிந்ததையே தெரியாதவள் போலப் பிறரிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். தன் வீட்டுப் பேச்சு பள்ளிக்கூடத்தில் எப்படிப் பார்க்கப்படும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை எவ்வளவு துல்லியமாக எடை போட்டு வைத்திருக்கிறது என்பதை நினைத்து எனக்குத்தான் அன்று வேலை ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் காலை வைக்க இடமிருக்காது என்பதால் வார நாளில், பொழுது விடியும் நேரத்தில் போனோம். படகின் பக்கவாட்டில் இருக்கும் பதிவு எண்ணை எழுதிக்கொள்வது முதல் வேலை. அதில் வரும் எம்.எம். என்ற எழுத்துகள் விசைப்படகைக் குறிப்பவை. அடுத்து, ஏலத்தில் கூடை எடுத்த ஓர் அம்மாளிடம் பிள்ளைகள் போய் நின்றார்கள். “இன்னா கண்ணு, எழுதினு போயி இன்னா பண்ணப் போற?” என்று கேட்டாரே தவிர, கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் விடவில்லை. கூடை ஏலத்தில் போன விலை, ஐஸுக்கு ஆகும் செலவு, ஆட்டோ கூலி, உட்காரும் இடத்துக்குக் கொடுக்க வேண்டியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கூறு கட்டி விற்கும்போது காலையில் ஒரு விலை, வெயில் ஏறிய பிறகு ஒரு விலை, கடைசிக் கூறு முதலுக்கும் கீழே என்றார். இலாப நட்டக் கணக்கைப் புத்தகத்தில் படித்த பிள்ளைகளுக்கு ஒரே பொருளின் விற்பனை விலை ஒரே நாளில் இத்தனை முறை மாறும் என்பது புதிது. பள்ளிக்குத் திரும்பியதும் அந்தக் கணக்கை மூன்று குழுக்கள் போட்டன. மூன்றுக்கும் மூன்று விடை. விற்காமல் மிஞ்சும் மீனை நட்டமாக எழுதுவதா, கருவாட்டுக்குப் போகிறது என்று அடுத்த நாள் கணக்கில் வைப்பதா என்ற வழக்கு மணியடித்தும் முடியவில்லை. அத்தனையும் தமிழில். கணக்கில் வழக்கமாக வாய் திறக்காத சிலர் அன்று அடக்க முடியாமல் பேசினார்கள்.

ஐஸ் குழு கவனித்தது வேறொன்று. பார் பாராக வரும் ஐஸை இயந்திரத்தில் போட்டு நொறுக்கித்தான் மீன்மேல் கொட்டுகிறார்கள். முழுப் பாராக வைத்தால் மெதுவாகத்தானே உருகும், ஏன் நொறுக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஐஸ் உருகத்தான் வேண்டும், உருகும்போதுதான் மீனின் சூட்டை இழுக்கும் என்று அங்கே இருந்த தொழிலாளி சொன்னார். பள்ளியில் ஒரே எடையுள்ள ஐஸை ஒரு பாத்திரத்தில் கட்டியாகவும் இன்னொன்றில் நொறுக்கியும் போட்டு, இரண்டிலும் ஒரே அளவு வெந்நீர் ஊற்றி, வெப்பமானி வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தார்கள். மீனுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு வைத்தும் பார்த்தார்கள்; அது சௌகார்பேட்டைப் பிள்ளைகளின் யோசனை. நொறுக்கிய ஐஸில் புதைத்த கிழங்கு விரைவாகக் குளிர்ந்தது. பரப்பளவு கூடினால் வெப்பம் விரைவாகக் கடத்தப்படும் என்பதை ஆங்கில வகுப்பில் பின்னர் படித்தபோது அவர்களுக்கு அது தெரிந்த கதையாகிவிட்டது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விதிக்கப்படும் தடை அது. எங்கள் கோடை விடுமுறை பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுவதால் தடைக்காலத்து விலையை வகுப்பாக நேரில் போய்ப் பார்க்க இயலாது. மீன் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் தங்கள் தெருவில் வஞ்சிரமும் சங்கராவும் என்ன விலைக்குப் போகின்றன என்று கேட்டுக் குறித்து வந்தார்கள். தாள்கள் சில தொலைந்தன, சில பாட்டியின் கையெழுத்தில் வந்தன. அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இத்தனையையும் எழுதும்போது ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறோம். வகுப்பு ஒரு தாள் வெளியிடும். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். தமிழ்ப் பக்கத்தில் இருப்பது ஆங்கிலப் பக்கத்தில் இருக்கக்கூடாது. காசிமேட்டுத் தாளில் ஏலக் கணக்கும் வலை பழுதுபார்ப்பவரின் பேட்டியும் தமிழில் வந்தன, ஐஸ் சோதனையும் துறைமுகத்தின் வரைபடமும் ஆங்கிலத்தில் வந்தன. முழுவதையும் அறிய வேண்டியவர் இரண்டையும் படித்தாக வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதச் சொன்னால் பிள்ளைகள் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் நிரப்புவார்கள், அல்லது தமிழை இணைப்பாகக் கருதிக் கடைசி அரைமணி நேரத்தில் முடிப்பார்கள். வேலையைப் பிரித்துக் கொடுத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இந்தத் தாள் வேலைக்காகவே ஜார்ஜ் டவுனுக்கும் ஒரு முறை போகிறோம். திருவொற்றியூர்ப் பக்கம் மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்த பிறகு அது எளிதாகிவிட்டது; கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பேருந்தில் ஊர்வதற்குப் பதில், மண்ணடியில் இறங்கி நடந்துவிடலாம். ஆர்மீனியத் தெருவில் 1772-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆர்மீனிய தேவாலயம் இருக்கிறது. அதன் வளாகத்தில் அடக்கமாகியிருக்கும் ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் 1794-இல் இந்த நகரத்தில் ‘அஸ்தரார்’ என்ற இதழை அச்சிட்டார். உலகிலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் இதழ் அதுதான். ஊரிலிருந்து அத்தனை தொலைவில், கைவிட்டு எண்ணக்கூடிய வாசகர்களுக்காக ஒருவர் தம் மொழியில் பத்திரிகை நடத்தினார் என்பதைச் சொன்னபோது, வீட்டில் மார்வாரி பேசும் ஒரு பையன் அதில் விளம்பரம் வருமா என்று கேட்டான். நல்ல கேள்விதான். திரும்பும் வழியில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட வேண்டும் என்பது பிள்ளைகளின் நிலையான கோரிக்கை. பள்ளி விதிப்படி அனுமதி இல்லை.

எண்ணூர்ப் பயணம் பெரிய பிள்ளைகளுக்கானது. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் அது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்த சேறு, துறைமுகங்கள், எரிவாயு முனையங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் இன்னும் அலையாத்திச் செடிகள் நிற்கின்றன, சேற்றிலிருந்து பென்சில் நட்டாற்போல மேலே எழும் மூச்சுவேர்களோடு. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்தபடி நகர்ந்து, வாயில் கவ்விய பறி என்ற கூடையில் இறாலைக் கையால் தடவிப் பிடித்துப் போடுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இந்தக் கழிமுகம் முழுவதும் படர்ந்தது. அதன் கறுப்புக் கோடு தன் படகில் எதுவரை ஏறியது என்பதை ஒரு மீனவர் விரல் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

ஏழாம் வகுப்பு எடுத்துக்கொண்ட வேலை தண்ணீரின் உப்பு. முகத்துவாரத்திலும் உள்ளே தள்ளிச் சில இடங்களிலும் ஒரு லிட்டர் பாட்டில்களில் நீர் எடுத்து வந்து, எவர்சில்வர் தட்டுகளில் ஊற்றி மொட்டைமாடியில் காயவைத்து, மிஞ்சும் உப்பை எடை போட்டார்கள். காக்கை வராமல் காவல் இருக்க முறை வைத்துக்கொண்டார்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும் என்பது பாடம். அவர்களுக்கு முகத்துவாரத்து நீரிலேயே அதைவிட வெகுவாகக் குறைந்து வந்தது. அளவில் பிழையோ என்று எடையைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, மழையால் குறைந்திருக்கலாம் என்று தமிழ்ப் பக்கத்தில் எழுதினார்கள்.

வழக்கமாகச் செயல்திட்டம் அந்த இடத்தில் முடிந்துவிடும். மதிப்பெண் போட்டுக் கோப்பில் வைத்துவிடுவோம். அந்த முறை தாளைப் படியெடுத்து, எண்ணூரில் உள்ள மீனவர் ஊரான காட்டுக்குப்பத்தில் உதவி செய்த மீனவர்களுக்குக் கொடுக்கப் போனோம். பெரியவர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழ்ப் பக்கத்தை முழுவதும் படித்தார். பாட்டிலை எப்படி முக்கினீர்கள் என்று கேட்டார். படகின் ஓரத்தில் குனிந்து மொண்டதைச் செய்துகாட்டினான் ஒரு பையன். “மேத்தண்ணிய மொண்டுனு போனா அப்பிடித்தான் வரும் தம்பி. ஆத்துத் தண்ணி மேல மெதக்கும், உப்புத் தண்ணி அடியில பூந்து வரும். எறா அடியிலதான இருக்குது, அதுக்கு இன்னா உப்புன்னு பாக்க வாணாமா?” என்றார். நன்னீர் அடர்த்தி குறைந்தது, உப்பு நீர் அடர்த்தி மிகுந்தது, கழிமுகத்தில் இரண்டும் அடுக்காக நிற்கும் என்பது அறிவியல் புத்தகத்தில் வருவதுதான். வாளி நீரில் சாயம் கலந்து அந்தச் சோதனையை வகுப்பிலேயே செய்திருந்தார்கள். ஆற்றுக்கு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

பாட்டிலுக்கு அடியில் கல்லைக் கட்டி, மூடிக்குப் பதிலாகத் தக்கை அடைத்து, தக்கைக்குத் தனிக் கயிறு கட்டி இறக்கினால், அடியில் போனதும் கயிற்றைச் சுண்டித் தக்கையைப் பிடுங்கிவிடலாம் என்ற வழியையும் அங்கேயே பேசி முடித்தார்கள். கல்லின் எடை போதாமல் பாட்டில் முதலில் மிதந்தது. ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்று பெரியவர் இன்னொரு வேலையும் வைத்தார். அடிநீரில் உப்பு கூடுதலாகவே வந்தது.

இந்த விஷயத்தில் என் கருத்து அன்றுதான் உறுதிப்பட்டது. ஆங்கிலப் பக்கத்தை வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினோம், பாராட்டி மின்னஞ்சல் வந்தது. தமிழ்ப் பக்கத்தைக் காட்டுக்குப்பத்தில் கொடுத்தோம், தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். எவரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் படித்துத் திருத்தக்கூடிய மொழியில் எழுதும்போது பிள்ளைகளின் எழுத்தில் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. ‘சுமார்’ என்றும் ‘நிறைய’ என்றும் எழுதக் கூச்சப்படுகிறார்கள். அவர் என்ன சொன்னார் என்று ஒருவர் நோட்டை ஒருவர் சரிபார்க்கிறார்கள். திருத்தும் பேனாவோடு நான் ஆண்டு முழுவதும் உட்கார்ந்திருந்தாலும் இது நடக்காது.

நிர்வாகத்துக்கு இதில் பாதி உடன்பாடு. மதிப்பீட்டுக்கு வெளியே போகும் கோப்பு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பதால், மதிப்பெண் அட்டையில் செயல்திட்டத்துக்கான கட்டம் இன்றும் ஆங்கில ஆசிரியரின் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை இரண்டாகப் பிரிக்கக் கேட்டிருக்கிறேன். மென்பொருளில் இடமில்லை என்கிறார்கள்.

அடுத்து எட்டாம் வகுப்பு பழவேற்காட்டுக்குப் போகிறது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி, டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள், குளிர்காலத்துப் பூநாரைகள் என்று சுற்றுலாக் கையேட்டில் வருவன எல்லாம் அங்கே உண்டு. நாங்கள் கேட்கப் போவது பாடு முறையைப் பற்றி. ஏரியில் எந்தப் பகுதியில், எந்த முறைவரிசையில், யார் வலை இடுவது என்பதை மீனவர்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஏற்பாட்டில் கணக்கும் இருக்கிறது, குடிமையியலும் இருக்கிறது. யாருக்குப் பங்கு இல்லை என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்கு இரண்டு பயணங்கள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒன்று விசாரித்து வர, மற்றொன்று எழுதியதைக் கொண்டுபோய்க் காட்ட. முதல் பயணத்துக்குப் பேருந்து ஒப்புதல் ஆகிவிட்டது. ஒருமுறை போய்வந்த இடத்துக்கே மீண்டும் எதற்கு என்று இரண்டாவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காட்டுக்குப்பத்துப் பெரியவர் பென்சிலால் திருத்திய தாளைப் படியெடுத்து விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறேன்.